புரொஜெக்டரை எந்த இடத்தில் நிறுத்துவது?

2024 ஜூன் 8, பின்னேரம் (கேள்வி)

யாழ்ப்பாணத் தீவகத்தில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. கனடாவில் இருக்கும் பழைய மாணவர்கள் சேர்ந்து ஸ்மார்ட் போர்ட் வாங்கித் தந்திருக்கிறார்கள். கல்வியியற் கல்லூரியில் கற்றல் கோட்பாடு எழுதிய ஸ்கின்னர், பியாஜே, வைகொட்ஸ்கி என்று நிறையப் படித்தோம். பரீட்சையில் எழுதினோம், அதோடு சரி. வகுப்பில் நின்று பார்த்தால் அவை எதுவும் கைக்கு வருவதில்லை. நல்ல வீடியோ ஒன்றைப் போட்டால் பிள்ளைகள் சத்தமில்லாமல் பார்க்கிறார்கள், விளங்கிவிட்டது என்கிறார்கள். என் முடிவு: கருவி நன்றாக இருந்தால் கோட்பாடு தேவையில்லை. பிழை என்றால் அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

2024 ஜூன் 8, இரவு 9.40 (பதில்; இனி வருபவையும் அதே ஆசிரியர் எழுதியவை)

பிழை என்றுதான் நினைக்கிறேன், தம்பி. "சத்தமில்லாமல் பார்க்கிறார்கள்" என்கிற இடத்திலேயே எனக்குப் பயம் தொடங்கிவிட்டது. நாளைக்கு விரிவாக எழுதுகிறேன். திருத்த இன்னும் 22 கொப்பி இருக்கிறது.

2024 ஜூன் 9

எங்கள் பாடசாலைக்கு முதல் புரொஜெக்டர் வந்தது 2013இல். நான் அதில் எடுத்த முதல் பாடம் குருதிச் சுற்றோட்டம். துடிக்கும் இதயம், நிறம், இசை எல்லாம் உள்ள வீடியோ. யன்னல்களுக்குப் பழைய சேலை கட்டி வகுப்பை இருட்டாக்கினோம். 34 பிள்ளைகள், ஒரு சத்தம் இல்லை. "விளங்கிச்சா?" என்று கேட்டேன், எல்லாக் கையும் உயர்ந்தது. இத்தனை வருடமாக வெண்கட்டியோடு ஏன் மினக்கெட்டேன் என்று நினைத்துக்கொண்டே அன்றைக்குச் சைக்கிளில் வீட்டுக்குப் போனேன்.

அடுத்த கிழமை வெற்றுத் தாள் கொடுத்தேன். காலில் இருந்து புறப்படும் குருதி திரும்பவும் காலுக்கு வந்து சேரும் வழியை வரையச் சொன்னேன். சரியாக வரைந்தது 5 பேர். மற்றவர்களில் பலர் இதயத்தை அழகாக வரைந்திருந்தார்கள். குருதி எந்த வாசலால் உள்ளே போய் எந்த வாசலால் வெளியே வருகிறது என்பதுதான் இல்லை.

பிறகு மண்டபத்துச் சீமெந்துத் தரையில் வெண்கட்டியால் பெரிய இதயம் ஒன்று கீறினேன். நாலு அறை. ஒரு பக்கம் சுவாசப்பை, மற்றப் பக்கம் உடல். பிள்ளைகள்தான் குருதி. உடலில் இருந்து வருகிறவர் கையில் நீல மட்டை இருக்கும், சுவாசப்பையில் அதைக் கொடுத்துச் சிவப்பு மட்டை வாங்க வேண்டும். வால்வுக்கு இரண்டு இரண்டு பேர் கை கோத்து நின்றார்கள். ஒரு பெடியன் இதயவறைக்குள் (கீழறை) போய்விட்டு, திரும்பவும் சோணையறைக்குள் (மேலறை) வரப் பார்த்தான். வால்வாக நின்ற பிள்ளை, "பூட்டியாச்சு, நீ இனி அங்காலதான் போகலாம்" என்று மறித்தாள். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. இரண்டு கிழமை கழித்துத் தாள் கொடுத்தபோது 26 பேர் சரியாக வரைந்தார்கள்.

அதனால்தான் சொல்கிறேன்: மெஷின் வேண்டாம், தரை போதும்.

2024 ஜூன் 12

ஸ்கின்னரை ஏன் படித்தோம் என்று தம்பி திரும்பக் கேட்டிருக்கிறார். புறாவுக்குத் தீனி போட்டுப் பழக்கிய உளவியலாளர் என்ற அளவில் நிறுத்திவிடுவதால்தான் இந்தக் கேள்வி வருகிறது. 1953இல் ஸ்கின்னர் தன் மகளின் கணித வகுப்பைப் பார்க்கப் போய்ப் பின்னால் இருந்தார். இரண்டு விஷயம் அவரை உறுத்தியது. செய்தது சரியா பிழையா என்று பிள்ளைக்கு அந்த இடத்தில் தெரியவில்லை. கெட்டிக்காரப் பிள்ளையும் திணறும் பிள்ளையும் ஒரே வேகத்தில் போக வேண்டியிருந்தது. அவருடைய கற்பித்தல் இயந்திரம் அதிலிருந்து பிறந்தது, 1958இல் சயன்ஸ் இதழில் அதைப் பற்றி எழுதினார். ஒரு பெட்டி, அதில் ஒரு சிறிய கேள்வி. பிள்ளை பதிலை எழுதிய பிறகுதான் சரியான விடை கண்ணுக்குத் தெரியும்.

அந்த இரண்டு குறையும் என் வகுப்பில் இன்றைக்கும் இருக்கின்றன. 38 கொப்பியை வீட்டுக்குக் கொண்டுபோய் நாலு நாள் கழித்துத் திருப்பிக் கொடுக்கிறேன். அதற்குள் பிள்ளை தன் பிழையையும் மறந்துவிடும், கேள்வியையும் மறந்துவிடும். இந்த ஒரு வேலைக்குப் போன் நல்ல கருவி.

ஆனால் ஒன்று நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடினார்கள். வாட்ஸ்அப் குழுவில் பல்தேர்வு வினாக்கள் அனுப்பினேன், தொட்டவுடன் சரி என்றால் பச்சை, பிழை என்றால் சிவப்பு. ஒரு மாதத்தில் எல்லாருக்கும் புள்ளி ஏறியது. பிறகு ஒரு தாய் கோல் எடுத்துச் சொன்னா: "ரீச்சர், இவன் கேள்வியை வாசிக்கிறதே இல்லை, பச்சை வருமட்டும் அமத்துறான்." நான் ஊகத்துக்குப் பரிசு கொடுத்திருக்கிறேன், ஊகம் வளர்ந்திருக்கிறது. பரிசு கிடைக்கிற செயல்தான் வளரும் என்று ஸ்கின்னர் சொன்னது அப்படியே நடந்தது! அவர் தன் இயந்திரத்தில் விடையைத் தெரிவுசெய்ய விடாமல் எழுத வைத்த காரணம் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு என் கேள்விகளில் அ, ஆ, இ, ஈ இல்லை. ஒரு சொல் என்றாலும் பிள்ளை எழுதித்தான் அனுப்ப வேண்டும்.

2024 ஜூன் 15

மேலே ஒருவர் ஒரு படம் போட்டிருக்கிறார். வாசித்தால் 10 வீதம் நினைவில் நிற்கும், கேட்டால் 20, பார்த்தால் 30, செய்தால் 90 என்று கூம்பு வடிவில். இந்தப் படத்தை நானும் ஒரு பயிற்சிப் பட்டறையில் இருந்து கொண்டுவந்து வகுப்புச் சுவரில் மூன்று வருடம் ஒட்டி வைத்திருந்தேன்.

தயவுசெய்து பரப்ப வேண்டாம். எட்கார் டேல் என்ற அமெரிக்கக் கல்வியியலாளர் 1946இல் அனுபவக் கூம்பு என்று ஒன்றை வெளியிட்டது உண்மை. அதில் இந்த வீதங்கள் இல்லை, பிறகு வந்தவர்கள் ஒட்டியவை. யோசித்துப் பாருங்கள்: எதை வாசித்தால் 10 வீதம்? எத்தனை நாள் கழித்து? எத்தனை வயதுப் பிள்ளைக்கு? பத்துப் பத்தாக வெட்டி வைத்த மாதிரி எந்தப் பரிசோதனையில் முடிவு வரும்?

அதே பட்டறையில்தான் "பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர்" என்பதும் வந்தது. 2008இல் பஷ்லரும் வேறு மூன்று உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அப்படி வகை பிரித்துப் படிப்பித்தால் பிள்ளைகள் கூடுதலாகக் கற்கிறார்கள் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். நான் அதற்குப் பிறகும், 2011இல், வகுப்பை மூன்றாகப் பிரித்தேன். ஒரு பிள்ளைக்கு "நீ கேட்டுக் கற்பவள்" என்று சொல்லி வைத்தேன். கொஞ்ச நாளில் வரைபடம் வரும் பக்கம் எல்லாம் "எனக்கு அது வராது ரீச்சர்" என்று கொப்பியை மூடத் தொடங்கினாள். இன்று அவள் ஒரு பிள்ளைக்குத் தாய். நல்லூரடியில் கண்டால் சிரித்துக் கதைப்பாள், எனக்கு மனம் உறுத்தும்.

2024 ஜூன் 16

ஜூன் 9இல் எழுதிய மட்டை விஷயத்தில் ஒரு திருத்தம். நீல மட்டை கொடுத்தது நல்லதல்ல. அந்த வருட முடிவில் ஒரு பெடியன், "கையைப் பார்த்தால் நரம்பு நீலமாய்த் தெரியுது, உள்ளே ஓடுறது நீல ரத்தம்தானே?" என்று கேட்டான். நாலைந்து பேர் அவனோடு சேர்ந்து ஓம் என்றார்கள். ஒட்சிசன் குறைந்த குருதி கடும் சிவப்பு, நீலம் இல்லை. இப்போது நான் கொடுப்பது கடும் சிவப்பும் இளஞ்சிவப்பும். ஸ்மார்ட் போர்ட் படங்களிலும் நீலம்தான் வருகிறது. போடுகிறவர்கள் "இது அடையாளத்துக்கு மட்டும்" என்று வாயால் சொல்லிவிடுங்கள்.

2024 ஜூன் 23

ஒரு கிழமையாக ஜூன் 9 குறிப்பைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். "மெஷின் வேண்டாம், தரை போதும்" என்று எழுதினேன், அது அவசரம். தரை ஒன்றும் செய்யவில்லை. தரையில் நின்ற பிள்ளை ஒவ்வொரு வாசலிலும் "நான் இனி எங்கே போக வேண்டும்?" என்று தானே முடிவெடுக்க வேண்டியிருந்தது. வீடியோவில் குருதி தானாகப் போனது, பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தது. வித்தியாசம் அதுதான்.

ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பொருந்துகிறது. பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஒரு பகுதியை வாசிக்கக் கொடுத்தார்கள். ஒரு பங்கினர் திரும்பவும் வாசித்தார்கள். மற்றப் பங்கினர் தாளை மூடிவிட்டு, நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்ப வாசித்தவர்கள் முன்னுக்கு நின்றார்கள். ஒரு கிழமை கழித்துச் சோதித்தால் மூடிவிட்டு எழுதியவர்கள்தான் முன்னுக்கு. தம்பி, வீடியோ முடிந்த கையோடு நீங்கள் கேட்கிற "விளங்கிச்சா?" அந்த ஐந்தாவது நிமிடத்துக் கேள்வி.

இதை வாசித்தபோது எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கில்தான் நானும் அக்காவும் படித்தோம். எண்ணெய் கிடைப்பதும் கஷ்டம், விலையும் நெருப்பு. அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவ. நாங்கள் ஒரு பக்கம் வாசித்து முடிந்ததும் வந்து விளக்கை ஊதி அணைத்துவிடுவா. "வாசிச்சதைச் சொல்லு, கேப்பம்." இருட்டுக்குள் இருந்து சொல்லுவோம். எங்கேயாவது தட்டுப்பட்டால் அடுப்புத் தணலில் திரும்பக் கொளுத்தி, அந்த இடத்தை மட்டும் பார்க்க விட்டு, மறுபடியும் அணைப்பா. எண்ணெய் மிச்சம் பிடிக்கத்தான் செய்தா. எனக்கோ எரிச்சலாக இருக்கும். 1993இல் உயர்தரம் எழுதப் போய் இருந்தபோது, வாசித்த பக்கங்களைவிட அந்த இருட்டில் சொன்ன வரிகள்தான் வரிசையாக வந்தன.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டு இருந்ததே, அந்த நாட்களில் ஒரு பாடத்தில் வீடியோ பாதியில் நின்றுவிட்டது. குருதி சுவாசப்பையில் இருந்து திரும்பி வருகிற இடம். வேறு வழியில்லாமல், "சரி, இனி எங்கே போகும்? பக்கத்தில் இருக்கிறவருக்குச் சொல்லுங்கள்" என்றேன். அவ்வளவு நல்ல வாக்குவாதம் அந்த வகுப்பில் அதற்கு முன்பு நடந்ததில்லை. அதற்குப் பிறகு கரண்ட் இருந்தாலும் நான் அந்த இடத்தில் நிறுத்துகிறேன்.

2024 ஜூலை 2

லண்டனில் இருந்து எழுதிய அண்ணா, பிள்ளைக்கு ஒரு டெப்லெட் என்று வாங்கித் தரலாமா என்று கேட்கிறார். மனதுக்கு நன்றி. ஆனால் முதலில் இதைக் கேளுங்கள்.

ரிச்சட் கிளாக் என்ற கல்வி ஆய்வாளர் 1983இல் ஒரு கட்டுரையில் சொன்னார்: ஊடகம் கற்பித்தலைக் கொண்டுவந்து இறக்கும் லொறி, சாமான் ஏற்றிவரும் லொறியால் நம் போசாக்கு மாறுவதில்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி எந்த லொறியில் வந்தால் என்ன, பையில் இருப்பது கீரையா கருகிப்போன கத்தரிக்காயா என்பதுதான் விஷயம்.

ஹார்வர்டில் பௌதிகம் படிப்பிக்கும் எரிக் மசூரின் மாணவர்கள் கடினமான கணக்கெல்லாம் செய்தார்கள், விசை பற்றிய சாதாரணக் கேள்வியில் தடுமாறினார்கள். 1991 முதல் அவர் முறையை மாற்றினார். ஒரு கேள்வி, ஒவ்வொருவரும் தனியாக விடை தெரிவு. பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதம். பிறகு மறுபடியும் தெரிவு. அங்கே பிறகு இதற்குப் பொத்தான் கருவி எல்லாம் வந்தது. என்னிடம் பழைய கலண்டர் மட்டையில் வெட்டிய அ, ஆ, இ, ஈ இருக்கிறது. (ஜூன் 12இல் இந்த நாலு எழுத்தையும் ஒதுக்கினேன் என்று எழுதியது ஞாபகம் இருக்கிறது. அங்கே பிள்ளை தனியாக அமத்தியது. இங்கே தூக்கிய மட்டைக்குப் பக்கத்தில் இருப்பவரிடம் காரணம் சொல்ல வேண்டும்.)

போன தவணை கேட்ட கேள்வி: குறிகாட்டுவான் துறையில், கடலில் நிற்கும் நெடுந்தீவுப் படகைத் தூக்கிக்கொண்டுபோய் இரணைமடுக் குளத்தில் விட்டால், அது இன்னும் தாழுமா, உயருமா, அப்படியே நிற்குமா, தாண்டுவிடுமா? 36 பேரில் 17 பேர் "உயரும்" என்று மட்டை தூக்கினார்கள். "நல்ல தண்ணி பாரமில்லை, அப்ப படகும் லேசாகும்." தாழும் என்றவர்கள் 9 பேர். நான் வாய் திறக்கவில்லை. ஏழு நிமிடம் விட்டேன். தகப்பனோடு கடலுக்குப் போகும் ஒரு பிள்ளை, கடலில் மிதப்பது சுகம், கேணியில் அவ்வளவு சுகமில்லை என்று பின்வாங்கில் எழுந்து நின்று விளக்கினான். இரண்டாம் முறை 27 பேர் "தாழும்". அதற்குப் பிறகுதான் ஆனையிறவு உப்புக் கரைத்த தண்ணீரில் முட்டையைப் போட்டுக் காட்டினேன். மிதந்தது. கிணற்றுத் தண்ணீரில் போட்டேன், தாண்டது. முட்டையை முதலில் காட்டியிருந்தால் அந்த ஏழு நிமிடம் இருந்திருக்காது.

2024 ஜூலை 3

பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக் கொடுப்பது வெளிநாட்டு முறை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. வகுப்பில் "மொனிற்றர்" என்று ஒரு பிள்ளையைக் கூப்பிடுகிறோமே, அந்த வழக்கத்தின் கதையைப் பாருங்கள். அண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789இல் சென்னை எழும்பூரில் அநாதைப் பிள்ளைகளின் பாடசாலைக்குப் பொறுப்பாக வந்தார். அந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டு அதைத் தன் பாடசாலைக்குக் கொண்டுபோனார். மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்படி செய்தார். 1797இல் அதைப் புத்தகமாக எழுதினார். இங்கிலாந்தில் அது மெட்ராஸ் முறை என்றே பரவியது.

மணலைப் போல ஒரு கருவி உண்டா? பிழைத்தால் உள்ளங்கையால் ஒரு தடவு, பிழை போய்விடும். விஜயதசமிக்கு ஏடு தொடக்கும்போது அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதுவிக்கிறோம். பிடித்த கையைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறோம். வைகொட்ஸ்கி, பிள்ளை தனியாகச் செய்யக்கூடியதற்கும் ஒருவர் துணையோடு செய்யக்கூடியதற்கும் இடையில் உள்ள இடைவெளி என்று எழுதியது இதைத்தான். அவர் 1934இல், 37 வயதில், காசநோயில் போனவர். பியாஜேயும் அவரும் ஒரே வருடம், 1896இல், பிறந்தவர்கள். பியாஜே 1980 வரை இருந்தார்.

2024 ஜூலை 14

லொறிக் கதையில் எனக்கு இப்போது பாதி நம்பிக்கைதான்.

கணினி அறையில் ஸ்க்ராச்சில் (பிள்ளைகள் கட்டளைகளை அடுக்கிப் படம் வரைவிக்கும் கணினி மொழி) முக்கோணம் வரையச் சொல்லியிருந்தார்கள். நான் அன்றைக்குச் சும்மா துணைக்கு நின்றேன். கணிதத்தில் பின்னுக்கு நிற்கும் ஒரு பெடியன், முக்கோணத்துக்குள் 60 பாகை என்று படித்தது ஞாபகம் இருந்ததால், 60 திரும்பு என்று போட்டு மூன்று தடவை செய்வித்தான். முக்கோணம் மூடவில்லை. மூன்றை ஆறாக்கினான், அறுகோணம் வந்தது. அவன் முகத்தில் வந்த ஆச்சரியத்தைப் பார்க்க வேண்டும். பிறகு கதிரையை விட்டு எழும்பி, தரையில் தானே மூன்று அடி நடந்து திரும்பிப் பார்த்தான். "ரீச்சர், நான் உள்ளுக்கு இருக்கிற கோணத்துக்குத் திரும்பேல்லை, வெளியாலதான் திரும்புறன்!" 120 போட்டான். மூடியது.

கொப்பியில் இது நடந்திருக்காது. கொப்பியில் பிழையான முக்கோணத்தையும் பென்சிலால் இழுத்து மூடிவிடலாம். சொன்னதை அப்படியே செய்து காட்டும் ஒன்று முன்னால் இருந்ததால்தான் அவன் தன் எண்ணத்தையே பார்த்தான். சீமோர் பேப்பர்ட் ஜெனீவாவில் பியாஜேயோடு சில வருடம் வேலை செய்தவர். 1967இல் வேறு சிலரோடு சேர்ந்து பிள்ளைகளுக்கான லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கியபோது அவர் தேடியது இந்த இடத்தைத்தான் என்று நினைக்கிறேன். ஆகவே லண்டன் அண்ணா, பிள்ளை தானே எதையாவது செய்து பார்க்கிற வேலைக்கு என்றால் ஆறு பழைய லெப்டொப் கிடைத்தாலும் எனக்குச் சந்தோசம். வீடியோ பார்க்க என்றால் வேண்டாம்.

2024 ஜூலை 28

சுருக்கமாக ஒன்று. திரை நிறைய எழுத்துப் போட்டு, அதை நாமே வாசித்து, பிள்ளைகளைக் கொப்பியில் எழுதவும் சொல்கிறோம். கண், காது, கை மூன்றும் ஒரே வசனத்தோடு மல்லுக்கட்டினால் யோசிக்க இடம் மிஞ்சாது. கல்வி உளவியலாளர் ஜோன் ஸ்வெல்லர் 1988இல் இருந்து எழுதிவருவது இந்தச் சுமையைப் பற்றித்தான். படம் மட்டும் போடுங்கள், பேச்சை வாயால் பேசுங்கள். எழுதும் நேரத்தில் திரையை அணைத்துவிடுங்கள்.

2024 ஓகஸ்ட் 17

தம்பியின் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். குருதிச் சுற்றோட்ட வீடியோவை நாலு இடத்தில் நிறுத்தினீர்கள், வகுப்பு சத்தமாகிவிட்டது, அதிபர் வந்து எட்டிப் பார்த்தார் என்கிறீர்கள். அந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். யார் எதைப் பற்றிச் சத்தம் போடுகிறார்கள் என்று அடுத்த முறை அதிபரையும் ஒரு வாங்கில் இருந்து கேட்கச் சொல்லுங்கள். மூன்று கிழமை கழித்து வெற்றுத் தாளில் வரைய விட்டதும் நல்லது. 29 பேரில் 18 பேர் என்பது முதல் தடவைக்குக் குறைவில்லை.

நீங்கள் அனுப்பிய 14 கேள்விகளையும் பார்த்தேன். 9ஆவது கேள்வியை மட்டும் விடுமுறை முடிந்து வகுப்பு தொடங்க முதல் மாற்றிவிடுங்கள். "நாளங்கள் ஒட்சிசன் குறைந்த குருதியைக் கொண்டுசெல்லும்" என்பதற்குச் "சரி" என்று விடை போட்டிருக்கிறீர்கள். இதயத்தில் இருந்து குருதியைக் கொண்டுபோவது நாடி, இதயத்துக்குக் கொண்டுவருவது நாளம்; சுவாசப்பை நாளம் ஒட்சிசன் நிறைந்த குருதியைத்தானே இதயத்துக்குக் கொண்டுவருகிறது. சரி, பிழை என்று கேட்காமல், வீடியோவைச் சரியாக அந்த இடத்தில் நிறுத்தி, "இந்தக் குழாய் நாடியா நாளமா, ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள், பிழையாகச் சொன்னதையும் சேர்த்து.